சில்லு இறக்குறது வாப்பாட வேலை

கற்பிட்டி,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் ஃபாஹிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஃபஸ்னாவும் சின்னவளும் அந்த லண்டன் குளிருக்குள்ள நோய் நொடி இல்லாம இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். என்ட சுகத்தைக் கேட்டா அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லலாம், அதுக்கு மேல சொல்லத் தெம்பு இல்ல. போன் இருக்கக்க ஏன் உம்மா கடிதம் எழுதுறா எண்டு நினைப்பாய். போன்ல நான் ஒண்டைச் சொல்லி முடிக்க முந்தி நீ சரி உம்மா சரி உம்மா எண்டுட்டு அடுத்த கதைக்குப் போயிடுறாய், இல்லாட்டி சின்னவள் போனைப் பறிக்கிறாள். கடிதத்தை யாரும் குறுக்கால வெட்ட ஏலாது. பின்வீட்டு இனாஸ் உன்ட ஊருக்குத்தான் வாறானாம், அவன்ட கையில குடுத்து விடுறன். இருந்து முழுசா வாசி, பஸ்ஸில நிண்டுகொண்டு வாசிக்காதே.

புருசனை இழந்தவ நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளயே இத்தா இருக்கிறது லேசான வேலை இல்ல மகன். உன்ட வாப்பா மவுத்தான நாள்ல இருந்து வாசல் தாண்டல்ல, வேலிக்கு அங்கால கடல் இருக்கா இல்லையா எண்டு கூட எனக்குத் தெரியாது. மர்ளியா மாமி தன்ட தம்பி, உன்ட வாப்பா மேல இருந்த பாசத்தில மூட்டை முடிச்சோட வந்து என்னோட நிக்கிறா, பாவம், நல்ல மனுசி, ஆனா வாய் மூடாது. வாற பொம்புளைகள் எல்லாரும் வட்டிலப்பமும் கையுமா வந்து, எப்படி மவுத்தானார் எண்டு முதல்ல இருந்து கேக்கிறாங்க. நானும் முதல்ல இருந்து சொல்றன், காலையில தேத்தண்ணி குடிச்சார், நெஞ்சைப் பிடிச்சார், கதிரையில சாஞ்சார். சொல்லிச் சொல்லி இப்ப அது வேற யாரோட கதையோ போல இருக்கு. அழுகை கூட வாறதில்ல. களைப்புத்தான் வருது. படுத்தாலும் களைப்பு, எழும்பினாலும் களைப்பு.

நீ வந்து நிண்ட அந்த ஒரு கிழமையைப் பற்றி நான் உன்னட்ட ஒண்டும் சொல்லல்ல. ஜனாஸா உனக்காகக் காத்து நிக்குமா, நீ வந்து இறங்கக்க கபுறுல மண் காஞ்சிட்டு. வந்த நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம வீட்டில கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கழட்டி, கொழும்பில இருந்து சாமான் எடுப்பிச்சு, திரும்பப் பூட்டி, பிளேன் விளையாட்டு ஓட்டுற அந்த ஜோய்ஸ்டிக் குச்சியையும் மேசையில வச்சிட்டு, உம்மா நீங்க முந்தி இந்த விளையாட்டில நல்லாப் பறந்தீங்க, திரும்பத் தொடங்குங்க, கை தானாப் பழகிடும் எண்டு சொல்லிட்டுப் போனாய். மர்ளியா மாமிக்குப் பொறுக்கல்ல, தகப்பன் மவுத்தான வீட்டில விளையாட்டுச் சாமான் பூட்டுறானே எண்டா. நான் சொன்னன், அவன் அழுறது அப்படித்தான் மச்சி, விடுங்க எண்டு. பிழையா சொன்னன் எண்டா நீ சொல்லு.

ஆனா கை தானாப் பழகிடும் எண்டியே, அது பெரிய பொய். முந்தி நானும் வாப்பாவும் நடத்தின கொமினிகேஷன் கடைக் கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்தை அமத்தினா எஞ்சின் கர்ர் எண்டு எடுபடும், குச்சியை இழுத்தா வானம். இப்ப நீ போட்டுத் தந்த ஸ்பிட்ஃபயர் எண்ட பழைய சண்டைப் பிளேனுக்கு எண்ணெய்க் குழாயைத் திறக்க வேணும், பம்பை அடிக்க வேணும், ரெண்டு சுவிட்சு மேல தள்ள வேணும், அதுக்குப் பிறகுதான் ஸ்டார்ட்டர். எடுபட்டாலும் எண்ணெய் சூடாகும் வரைக்கும் நில்லுங்க எண்டு நீயே சொல்றாய், தண்ணி கொதிக்க முந்தி ஓடுங்க எண்டும் நீயே சொல்றாய். இது பிளேனா இல்ல உன்ட மர்ளியா மாமியா? மூக்குத் தூக்கிக்கொண்டு நிக்குது, முன்னால ஒண்டும் தெரியாது, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போக வேணும். வேகம் குடுத்தா இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுது. முதல் நாள் நேரா வேலிக்குள்ள. ரெண்டாம் நாளும் வேலிக்குள்ள. நீ அனுப்பின வீடியோவில சொல்லித் தாற பொடியன் மூச்சு விடாமக் கதைக்கிறான், அவனை நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டுத்தான் வலக்கால் பக்கம் மெதுவா அமத்திப் பிடிக்கிறதைக் கண்டுபிடிச்சன்.

நீ சொன்னபடியே செய்தன், அதுக்கு உன்னை மெச்சத்தான் வேணும். ஒரே ஒரு பிளேனை மட்டும் எடுத்தன், மற்றதைத் திறந்தும் பாக்கல்ல. சண்டைக்குப் போகல்ல, சும்மா கரையோரமாச் சுத்தினன். ஒரு கிழமைக்குப் பிறகுதான் எதிரி ஒருத்தனை விட்டுப் பாத்தன், அவன் எங்க இருந்து வந்தான் எண்டு தெரிய முந்தி என்ட பிளேன்ட ஒரு பக்கச் செட்டையைக் காணல்ல. இத்தாவில இருக்கிறவ நாளைக்கு நாலு தரம் சுடுபட்டு விழுறா, யா அல்லாஹ் எண்டு மாமி தலையில அடிச்சுக்கொண்டா. ஆனா பிளேன் மேல ஏறினா மட்டும் பின்னால வந்து நிண்டு பாக்கிறா. கீழ கடல் தெரியக்க அது நம்மட உச்சமுனைப் பக்கக் கடலா எண்டு கேக்கிறா, ஓம் எண்டு சொல்லி விடுறன். நானும் அப்படித்தான் நினைச்சுக்கொள்றன், வாசல் தாண்ட ஏலாத எனக்கு வேற எந்தக் கடல் கிடக்கு. குண்டு போடுற பிளேன் மட்டும் எனக்கு வேண்டாம். பக்கத்து வீட்டு நிலானி டீச்சர் கிளிநொச்சியில யுத்தத்துக்குள்ள பிறந்து வளர்ந்தவ எண்டு உனக்குத் தெரியும்தானே, முதல் நாள் பிளேன் சத்தம் யன்னலால போய், அதைக் கேட்டு அவ கையில இருந்த பீங்கானைப் போட்டு உடைச்சிட்டா. அண்டைக்கு இருந்து ஹெட்போனைக் காதுல மாட்டிக்கொண்டுதான் பறக்கிறன். சத்தம் வெளியில போறதில்ல.

இப்ப நான் சொல்ல வந்த கதைக்கு வாறன். போன சனிக்கிழமை நீ அங்க இருந்து இன்டர்நெட்டால உன்ட பிளேனில வந்து என்ட பக்கத்திலயே பறந்தாய். நல்லாத்தான் வந்தன், நேராத்தான் இறங்கினன், நீயே அழகா வாறீங்க உம்மா எண்டாய். ஆனா சில்லு இறக்காம, சக்கரம் உள்ளுக்கே மடிஞ்சு கிடக்க, வயித்தால போய் ஓடுபாதையில தேச்சு நெருப்பு. திரும்ப ஏறினன், திரும்ப அப்படித்தான். மூண்டாம் தரமும். நீ ஏசல்ல. ஏசி இருந்தா நல்லம். போன கிழமையும் சொன்னன் உம்மா, ஏன் ஒவ்வொரு தரமும் மறக்கிறீங்க எண்டு மெல்லக் கேட்டாய், நோயாளியிட்டக் கேக்கிற மாதிரி. ஏனெண்டு எனக்கே அப்ப தெரியாது.

திங்கக்கிழமை உன்ட நஜாத் மாமா வந்து நிக்கிறான், பின்னால முந்தல் ஊரில இருந்து இறால் பண்ணை மனேஜர் ஒருத்தரும் பொஞ்சாதியும். வீடு பாக்க வந்தவங்களாம். ராத்தாவுக்கு, அதாவது எனக்கு, ஞாபகம் குறையுதாம், தனிய விட ஏலாதாம், இத்தா முடிஞ்ச கையோட லண்டனுக்கு எடுக்கப் போறானாம், வீட்டை வாடகைக்குக் குடுக்கச் சொன்னானாம் ஃபாஹிம். என்ட கூடப்பிறந்தவன் என்ட வீட்டுக்குள்ள நிண்டு சொல்றான். வீட்டு முன் சாலையில அந்நிய ஆம்புளை இருக்கக்க இத்தாவில இருக்கிற நான் வெளியில வர ஏலுமா? திரைக்குப் பின்னால இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். அந்தப் பொம்புளை குசினியைப் பாத்தா, அலுமாரியைத் திறந்து பாத்தா, கிணத்தடி முருங்கையை வெட்டலாமா எண்டு கேட்டா. நஜாத் வெட்டலாம் எண்டான். எனக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சுது மகன். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ? என்ட ஆயுசு முழுக்க நான் இருந்த வீடு, நான் உயிரோட திரைக்குப் பின்னால இருக்கிறன்.

பிறகு நானே எனக்குப் பயந்துட்டன், அதையும் சொல்லத்தான் வேணும். உண்மையாவே எனக்கு மறக்குதோ எண்டு. அடுத்த நாள் காலையில தண்ணி மோட்டர் இழுக்கல்ல, மர்ளியா மாமி கேட்டா, இதுக்கு எங்கால தண்ணி விடுறது மச்சி எண்டு. நான் மோட்டரைச் சுத்திச் சுத்திப் பாத்தன். மறந்து போகல்ல. எனக்கு அது தெரியவே தெரியாது. மோட்டர் வாப்பாட வேலை. கேஸ் சிலிண்டர் மாத்துறது வாப்பாட வேலை. அந்த இடத்திலதான் எனக்கு விளங்கிச்சு.

நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. கடையில அந்த விளையாட்டைத் தாங்குற கம்ப்யூட்டர் ஒண்டே ஒண்டுதான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆள் வராத நேரம் ரெண்டு கதிரையை ஒட்டிப் போட்டுக்கொண்டு நானும் வாப்பாவும் ஒரே பிளேனிலதான் பறந்தோம். குச்சி என்ட கையில, கீபோர்ட் அவர்ட கையில. நான் திருப்புவன், சுடுவன், அவர் வேகம் குடுப்பார், இறங்கப் போறம் எண்டா நான் கேக்க முந்தியே அமத்திட்டு, சில்லு இறங்கிட்டு பஹ்மிதா எண்டுவார். எந்த எழுத்தை அமத்தினார் எண்டு நான் ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. என்ட இடக்கை மடியில சும்மா கிடந்து பழகின கை. நீ எனக்கு ஆயிரம் தரம் சொல்லித் தந்தாலும், தரை கிட்ட வரக்க நான் மறக்கிறதில்ல மகன், காத்திருக்கிறன். அந்தச் சொல்லு வரும் எண்டு காத்திருக்கிறன். அதுக்குள்ள தரை வந்திடுது.

இதை நினைச்சு அண்டைக்குத்தான் நான் அழுதன். அவர் மவுத்தான நாள்ல அழாத அழுகை. மாமி பயந்து போய் ஓதி ஊதித் தண்ணி தந்தா.

நேத்து லுஹர் தொழுதிட்டுத் திரும்ப இருந்தன். பம்பு, சுவிட்சு, ஸ்டார்ட்டர், எல்லாம் சரியா வந்துது, ஒரு சுத்துச் சுத்திட்டுத் திரும்பினன். ஓடுபாதை நேரா வரக்க இடக்கையை மடியில இருந்து எடுத்தன். எடுக்கிறதுக்கு என்ன பாரம் தெரியுமா. அமத்தினன். கீழ தடக் எண்டு ஒரு சத்தம், பச்சை எரிஞ்சுது. சில்லு இறங்கிட்டு எண்டு நானே வாய் விட்டுச் சொன்னன். துள்ளித் துள்ளித்தான் நிண்டுது, அழகா இல்ல, ஆனா நிண்டுது. பிறகு கிணத்தடிக்குப் போய் மோட்டருக்குத் தண்ணி விட்டு அதையும் இழுக்க வச்சன். நிலானி டீச்சர் வேலிக்கு அங்கால நிண்டு எங்கால ஊத்துறது எண்டு சொன்னா. முருங்கைக்கும் ரெண்டு வாளி விட்டன்.

அதனால சொல்றன், வடிவாக் கேட்டுக்கொள். நஜாத் மாமாவுக்கு நீயே கோல் எடுத்து, வீடு வாடகைக்கு இல்லை எண்டு சொல்லு. நான் சொன்னா ராத்தா கோபத்தில சொல்றா எண்டுவான். எனக்கு ஞாபகம் குறையல்ல, எனக்குப் பாதிதான் தெரியும், மற்றப் பாதியைப் படிச்சுக்கொண்டிருக்கிறன். மெல்லத்தான் வருது, உம்மாவுக்கு வயசும் போயிட்டு, களைப்பும் கிடக்கு. எண்டாலும் படிக்கிறன். உங்கட வீட்டுக்கு வர மாட்டன் எண்டு சொல்லல்ல, விருந்தாளியா வருவன், சின்னவளோட இருந்திட்டு வந்திடுவன்.

மருமகளுக்கு ஸலாம் சொல்லு, சின்னவளுக்கு முத்தம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, தகப்பனுக்கு நெஞ்சில வந்தது உனக்கும் வரக்கூடாது, நீ ஒருக்கா டொக்டரிட்டக் காட்டு. தொழுகையை விடாதே, வாப்பாட கபுறுக்காக துஆ கேள். அல்லாஹ் உன்ட வாழ்க்கையில பரக்கத்துச் செய்வானாக, உங்க மூண்டு பேரையும் காப்பானாக. இத்தா முடியிற அண்டைக்கு லீவு போட்டு வா மகன். முதல்ல கபுறடிக்குப் போ, அழ வேணும் எண்டா அங்க நிண்டு அழு, பிறகு வீட்டுக்கு வந்து என்னோட பற. வாப்பாட கதிரை பக்கத்திலதான் போட்டுக் கிடக்கு, அதில நீ இருக்கலாம். கீபோர்டில மட்டும் கை வைக்காதே, சில்லை நான் இறக்குறன்.

இப்படிக்கு,
உன்ட உம்மா
பஹ்மிதா ரஸாக்