ருசி பார்த்தது நான்

பிப். 19, வியாழன்

காலையில் நல்ல பனி, ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கேஸ் புக் பண்ண வேண்டும். இலக்கியின் யூனிஃபார்ம் ஓரம் பிரிந்திருக்கிறது, தைக்கணும்.

சனிக்கிழமை கடலூரில் உணவுத் திருவிழா. வருடா வருடம் நடக்கிறது, வருடா வருடம் இலக்கி கேட்கிறாள், நானும் ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்கிறேன். போன வருடம் தலைவலி. இப்போது பிளஸ் ஒன் படிக்கிற பெண். தலைவலியெல்லாம் எடுபடவில்லை.

"நீ வரலன்னா நான் ஃப்ரெண்ட்ஸோட போறேன்மா. என்ன கேட்டுச் சாப்புடணும்னு எனக்குத் தெரியும்."

தெரியுமாம். நாலு வயதில் ஒரே ஒரு முந்திரிப் பருப்பு. பண்ருட்டியில் என் அப்பா வீட்டில், மூட்டை மூட்டையாக முந்திரி அடுக்கியிருந்த கூடத்தில். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, முகம் நீலமாகி. அவளுக்கு அது ஞாபகமே இல்லை. எனக்குத்தான் இருக்கிறது. முந்திரி, பிஸ்தா இரண்டும் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். நிலக்கடலையும் பாதாமும் சோதித்துப் பார்த்தாயிற்று, சாப்பிடலாம்.

இலக்கி அப்பாவுக்குப் போன் போட்டேன். "நீ கூடப் போனா போகட்டும், தனியா வேணாம்" என்றார் ஓசூரிலிருந்து. தீர்ப்பு வந்தாச்சு. பயப்படுவது மட்டும் என் டிபார்ட்மெண்ட்.

பிப். 20, வெள்ளி

ஸ்கூல் ஆபீஸில் டி.சி. எழுதும்போது இரண்டு தப்பு. ஹெச்.எம். கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "கிளார்க்கம்மாவுக்கு இன்னிக்கு என்னாச்சு?" என்னத்தைச் சொல்ல.

நாளைக்குப் பை:
அலர்ஜி மாத்திரை ஒரு அட்டை
ஊசி மருந்து, கண்ணாடிக் குப்பி இரண்டு
சிரிஞ்ச் மூன்று (எவ்வளவு ஏற்றணும் என்று டாக்டர் பேனாவால் கோடு போட்டது)
தண்ணீர், எலுமிச்சை சாதம், துண்டு

ஊசி போடப் பழகியது சாத்துக்குடியில். நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தது. பன்னிரண்டு வருடத்தில் நிஜமாக ஒரு தடவையும் போட்டதில்லை. இன்று சாயங்காலம் ஒரு சாத்துக்குடி வாங்கிக் குத்திப் பார்த்தேன். ஊசி தோலில் சறுக்கிக்கொண்டு போனது. சாத்துக்குடிக்கே இப்படி.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை. "முந்திரி இருக்கா?" என்று கேட்டால், முந்திரி கம்மி என்று குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாணத்தில் கேட்டதற்குச் சமையல்காரருக்கு ரோஷம் வந்து இன்னொரு கை அள்ளிப் போட்டார். அதனால் வெறுமனே கேட்பதோடு விடுவதில்லை. நான் முதலில் ருசி பார்ப்பேன், அப்புறம்தான் அவள். முந்திரியிலேயே வளர்ந்த நாக்கு. அரைத்துக் கலந்திருந்தாலும் பிடித்துவிடும். இதுவரை ஏமாந்ததில்லை.

பிப். 22, ஞாயிறு

கடலூர். ஆஸ்பத்திரி வராண்டா. காலை ஏழரை, வெயில் வந்துவிட்டது. இலக்கி தூங்குகிறாள். மூச்சு சரியாக வருகிறது. இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நேற்று மூன்று மணிக்குப் போய் இறங்கினோம். பீச் ரோடு முழுக்கப் பந்தல், கூட்டம், மைக்கில் யாரோ பாட்டு. முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது.

இறால் வடை: ஓகே. இரண்டு தின்றாள்.
நண்டு சூப்: மிளகு ஜாஸ்தி. ஓகே.
வெள்ளைக் குருமா: நாக்கில் வைத்ததுமே தெரிந்தது. வேண்டாம்.
சுறாப்புட்டு: ஓகே. கிள்ளையிலிருந்து வந்திருந்த அக்கா, நான் கேட்டதும் சிரித்துவிட்டார். "சுறாப்புட்டுல யாரு தாயி முந்திரி போடுவா? எங்களுக்கு என்ன பைத்தியமா?"

இலக்கியும் சிரித்தாள். எனக்கே கொஞ்சம் பயம் விட்டது.

தண்ணீர் பாட்டில் எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். பக்கத்துக் கடையில் நின்று எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். மேலே போர்டில் கொட்டை எழுத்தில், முந்திரிக்கொத்து.

"துப்புடி! முந்திரிடி, துப்பு!" என்று கத்திக்கொண்டே அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். கூட்டம் அப்படியே திரும்பியது. கடைக்காரர் நாகர்கோவில்காரர், பதறிப்போய் விட்டார்.

"முந்திரிப்பருப்பா? கொல்லாங்கொட்டையச் சொல்லுதீங்களா? அது இதுல கிடையாதும்மா. சிறுபயறு, வெல்லம், தேங்கா, அவ்வளவுதான். முந்திரின்னா எங்க ஊருல திராட்ச. கொலகொலயா ஒட்டிட்டு இருக்குல்லா, அதான் அந்தப் பேரு."

"நான் கேட்டுட்டுத்தாம்மா வாங்குனேன்" என்றாள் இலக்கி. கண்ணில் தண்ணீர். அவள் கிளாஸ் பெண்கள் இரண்டு பேர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். சே.

அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. எப்படியாவது சமாதானம் பண்ணியாக வேண்டும் எனக்கு. கோடியில் பாதாம் பால் கடை, பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. கிட்டே போகும்போதே கையைப் பிடித்தாள். "இங்க ஒண்ணும் கேக்காதம்மா. ப்ளீஸ்."

கேட்கவில்லை. பாதாம் பால் என்றால் பாதாம்தானே. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கெட்டியாக, இதமாக, சின்ன வயதில் அம்மா போட்டுக் கொடுத்த அதே பாதாம் பால். "குடிடி, சூப்பரா இருக்கு" என்று அவள் கையில் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

பாதி டம்ளர் இறங்கியிருக்கும். "ம்மா, நாக்கு அரிக்குது."

நான் உடனே நம்பவில்லை. ஒரு தரம் ஊர் பார்க்க அசிங்கப்பட்டாச்சே என்று தயங்கினேன். "சூடா இருந்துச்சு, அதான்" என்று கூடச் சொன்னேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அதற்குள் கழுத்தெல்லாம் தடிப்பு, இருமல், குரல் கரகரவென்று ஆம்பளைக் குரல் மாதிரி. பையைத் தரையில் கொட்டினேன். முதல் குப்பி கையிலேயே நொறுங்கிவிட்டது. இரண்டாவதை உடைக்கும்போது ஐயோ ஐயோ என்று யாரோ கத்துவது கேட்டது, அது நான்தான். சுடிதார் துணியோடு சேர்த்துத் தொடையில் குத்தினேன். சாத்துக்குடி மாதிரி இல்லை.

பாதாம் பால் கடைக்காரர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். கூடவே ஏறிக்கொண்டார், அழுகிறார். "பாதாம் சும்மா கொஞ்சந்தாம்மா. கெட்டியா வரணும்னு முந்திரியத்தான் அரச்சு ஊத்துவோம். நம்ம பக்கம் எல்லாரும் அப்படித்தானம்மா."

எல்லாரும் அப்படித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் பாதாம் ஏது? திரும்பின பக்கமெல்லாம் முந்திரி. அம்மா அரைத்ததும் அதைத்தான், பேர் மட்டும் பாதாம் பால். இத்தனை வருடமாக என் நாக்கு முந்திரியைத்தான் பாதாம் என்று நினைத்திருக்கிறது. இந்த நாக்கை நம்பித்தான் பெண்ணை வளர்த்திருக்கிறேன்.

ஊசி போட்டதால்தான் பிழைத்தாள் என்றார் டாக்டர். அதே மாதிரி இன்னொரு தரம் வரலாம், ஒரு நாள் இருக்கட்டும் என்றும் சொன்னார். அந்த இன்னொரு தரம் என்கிற வார்த்தை காதிலேயே நிற்கிறது. ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து ஓடுகிறேன்.

மதியம், அதே வராண்டா

ஓசூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். முகத்தில் சவரம் இல்லை. "எப்படி ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இலக்கி முந்திக்கொண்டாள்.

"நான்தாம்பா. அம்மாவுக்குத் தெரியாம வாங்கிக் குடிச்சிட்டேன்."

"அறிவிருக்கா ஒனக்கு? இனிமே இவள எங்கியும் அனுப்பாத. காலேஜும் இங்கியே பக்கத்துல பாத்துக்கலாம், ஹாஸ்டல் கீஸ்டல்லாம் மறந்துடு."

நான் சும்மா நின்றேன். திட்டுவார் என்கிற பயம் இல்லை, அவர் அதிகம் திட்டமாட்டார். என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அதுதான் பயம்.

அவர் டீ குடிக்கப் போனதும் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"ஒன் மூஞ்சியப் பாத்தேன். சொல்லிட்டேன்."

பிப். 23, திங்கள்

டிஸ்சார்ஜ். மாத்திரை ஐந்து நாளைக்கு. புதுக் குப்பிகள் வாங்க வேண்டும். லீவ் லெட்டர்.

வீட்டுக்குச் சிதம்பரம் பஸ். ஜன்னலோரம் இலக்கி, நடுவில் நான், இந்தப் பக்கம் அவர். புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் கண்ணை மூடினாள். அப்போது சொல்லிவிட்டேன்.

"மாமா, வாங்கிக் குடுத்தது நான்தான். ருசி பாத்துட்டு, குடின்னு நானே குடுத்தேன்."

எதிர் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப அவ சொன்னது?"

"எனக்காகச் சொன்னா."

"சரி, வுடு. ஹாஸ்டல் பேச்ச அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். என் மடியில் இருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சொன்னதும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

வீடு வரும்போது மணி ஒன்று. பால் திரிந்து கிடந்தது, கொட்டினேன். அவசரமாக ஒரு ரசம் வைத்து, சாதம் குழைய வடித்து, பிசைந்து தட்டில் வைத்துக் கொடுத்தேன். இலக்கி கை வைக்கவில்லை. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுல என்னல்லாம் இருக்குதும்மா?"

என் சமையலில் இதுவரை அவள் கேட்டதே இல்லை.

புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு என்றேன். பெருங்காயம். கொத்தமல்லி. தாளிக்க நெய், கடுகு, மிளகாய்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சாப்பிட ஆரம்பித்தாள்.