டோரிஸ் கேட்ட கொசுறு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? குஸ்கோவில் குளிர் குறைந்ததா? நான் சுகம். லிமாவின் பனிமூட்டம் ஜன்னலில் பாலாடைபோல் படிந்திருக்கிறது. கடல் ஏதோ கனவுக்குள் இரைவதுபோல் கேட்கிறது.

இணையத்தில் என் மெழுகுவத்திக் கடை மெல்ல நகர்கிறது. "ஒவ்வொருத்தருக்கா பதில் எழுதிக்கிட்டிருந்தா கடை உருப்படுமா? விளம்பரம் போடு நெலிடா," என்றான் கூட்டாளி வில்மர். போட்டோம். ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை.

டோரிஸ் என்ற பெண் மட்டும் தினமும் எழுதினாள். முதலில் மணம் எப்படி என்றாள்; பிறகு நான் சாப்பிட்டேனா என்றாள். நானும் கடலைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி எழுதினேன். "பேச்சுதான்டா வியாபாரம்" என்று வில்மரிடம் வாதாடி விளம்பரத்தை நிறுத்திவிட்டேன்.

நேற்று டோரிஸ் ஆறு மெழுகுவத்தி கேட்டாள். கூடவே, சந்தையில் வாடிக்கைக்காரியைப் பிரியமாகக் கூப்பிடுவதுபோல், "கசேரிட்டா, கொசுறா ஒண்ணு போடமாட்டியா?"

இணையக் கடையில் யாரம்மா கொசுறு கேட்பார்கள், முப்பது வருடம் குஸ்கோ சந்தையில் பாலாடைக்கட்டி விற்றவரைத் தவிர?

டோரிஸ் யாரென்று வில்மரிடம் சொல்லவில்லை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். பார்சல்காரர் வாசலில் நிற்கிறார். இந்தக் கடிதத்தை டோரிஸின் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். கொசுறு இரண்டு போட்டிருக்கிறேன்.

நாளைக்கும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், டோரிஸ்.

உங்கள் நெலிடா