குளியலறையில் ஒரு கங்கு

அத்தை, கீழ்க் குளியலறைச் சுவரில் இருந்த பழைய ஹீட்டரை இன்று காலை கழற்றினார்கள். உள்ளே ஒரு குழாய் இணைப்பில் துரு ஏறி, நீர் கசியத் தொடங்கியிருந்தது. நீர்க்கசிவும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது என்பதால், பழுதுபார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்றேன். கழற்றிய பெட்டியைப் பணியாளர் தரையில் வைத்தபோதுதான் அதைக் கவனித்தேன். முகப்பில் அச்சிட்டிருந்த எழுத்துகள் எல்லாம் தெளிவாக இருந்தன. சோதனைப் பொத்தானின் மேலிருந்த எழுத்து மட்டும் தேய்ந்து மறைந்து, அந்த இடம் வழவழவென்று பளபளத்தது. மாதம் ஒரு முறை அழுத்தும் என் விரல் அதை அப்படித் தேய்த்திருக்க முடியாது. அது உங்கள் கட்டைவிரலின் வேலை.

அந்தப் பொத்தான் எதற்கு என்பதை நீங்கள் கடைசி வரை கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன். ஹீட்டருக்குள் எங்காவது மின்கசிவு ஏற்பட்டால், அது குளிப்பவரைத் தாக்குவதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு கருவி இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் சோதனைப் பொத்தான். அழுத்தினால் ‘டக்’ என்ற ஒலியோடு மின்சாரம் நின்று, சிவப்பு விளக்கு அணையும். கீழே உள்ள இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி உயிர் வரும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று இதைச் செய்வது என் வழக்கம். “முதல் வெள்ளிக்குப் பூசை, முதல் தேதிக்கு ஹீட்டர்” என்று உங்கள் மகள் செலின் கேலி செய்வாள்.

தம்பின் ஊரில் உங்கள் மகன் வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். முழங்கால் வலி முற்றி, அந்தப் படிகளில் நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கும் நிலை வந்த பிறகுதான் பாரோயில் எங்களோடு இருக்க வந்தீர்கள். வெந்நீரில் குளித்தால் வலி குறையும் என்று மருத்துவர் சொன்னதால், கீழ்த்தளத்தில் உங்கள் அறையை ஒட்டிய குளியலறையில் அந்த ஹீட்டரைப் பொருத்தினேன். மருமகனிடம் நேரே பேசக் கூடாது என்ற வழக்கத்தையும் நீங்கள் கூடவே கொண்டுவந்திருந்தீர்கள். நான் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் செலினைப் பார்த்து, “மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளு” என்பீர்கள். நானும் அவளைப் பார்த்து, “போதும்னு சொல்லு” என்பேன். நடுவில் இருப்பவள், “நான் என்ன டெலிபோனா?” என்று அலுத்துக்கொள்வாள்.

நீங்கள் வந்த சில நாட்களில் அந்தத் தொல்லை தொடங்கியது. நீங்கள் குளித்துவிட்டு வந்த பிறகு நான் போனால், சுவிட்சைப் போட்டாலும் ஹீட்டர் இயங்காது. பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். மீண்டும் இயக்கினால் ஒழுங்காக வேலை செய்யும். நீங்கள் குளித்ததும் மறுபடி நின்றிருக்கும். எப்போதோ ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். தினமும் என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்றுதான் பொருள். பக்கத்திலுள்ள லோபாக்கிலிருந்து மின்பணியாளரை வரவழைத்தேன். அவர் மூடியைத் திறந்து, தண்ணீர் நுழையும் இடத்திலிருந்த வடிகட்டியைக் கழுவி, எர்த் கம்பியைச் சோதித்து, “பொருள் நல்லாத்தான் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நீங்கள் குளித்தீர்கள், அது நின்றுவிட்டது. செலினோ நானோ குளித்தால் ஒன்றும் ஆவதில்லை.

தணிக்கைப் பணியில் இருப்பவனுக்கு இந்த ஒழுங்கு கண்ணில் படாமல் போகாது. காரணம்தான் புரியவில்லை. ஈரத் தரை, தளர்ந்த முழங்கால், அதன் மேல் மின்சாரம் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் குளியலறைக்குள் என்ன செய்கிறீர்கள் என்று மாமியாரிடம் கேட்பதற்கு எந்த மருமகனுக்கு வாய் வரும்? செலினைக் கேட்கச் சொன்னேன். குளிக்கிறேன், அணைக்கிறேன், வருகிறேன், வேறென்ன என்று நீங்கள் சொன்னதாக அவள் வந்து சொன்னாள். சுவிட்ச் வெளிச்சுவரில் உயரத்தில் இருந்தது. உங்கள் தோள் அவ்வளவு தூரம் எழும்பாது என்பதால் அதைப் போடுவதும் நிறுத்துவதும் அவள்தான். ஆகவே, அணைப்பது என்று நீங்கள் சொன்னது தண்ணீர்க் குழாயை என்று இருவருமே எடுத்துக்கொண்டோம்.

காரணம் தெரியும் வரை அத்தை ஹீட்டரைப் பயன்படுத்த வேண்டாம், அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிடு என்று செலினிடம் சொன்னேன். பாதுகாப்புக்காகச் சொன்ன விதி அது. அது உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தபோது வேறொன்றாக மாறியிருந்தது. எல்லோருக்கும் ஓடுகிற ஹீட்டர் உங்கள் கைபட்டால் மட்டும் கெட்டுப்போகிறது, அதனால் உங்களை விலக்கி வைக்கிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தை மகள் சுமந்து வருவதையும் உங்களால் பார்க்க முடியவில்லை. தம்பினுக்குத் தொலைபேசியில் பேசி, வந்து அழைத்துப் போகும்படி மகனிடம் சொல்லிவிட்டீர்கள். செலின் சமையலறையில் நின்று அழுதாள். “அந்தப் படியில விழுந்தா அம்மாவ யாருங்க தூக்குவா?” என்று கேட்டாள். அவள் அண்ணன் வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் பகலில் யாரும் இருப்பதில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீங்கள் உடைகூட மாற்றவில்லை. காலருகில் பையை வைத்துக்கொண்டு, செபமாலையோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மகன் கார் எடுத்துப் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. நான் போய் உங்கள் எதிரே நின்றேன்.

“அத்தை, நான் ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது.”

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு செலினைப் பார்த்தீர்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “என்னப் பாக்காதம்மா. அவரு ஒன்கிட்டதான் கேக்குறாரு.”

“குளிச்சு முடிச்சதும் ஹீட்டர எப்படி அணைக்கிறீங்க?”

செபமாலையை மடியில் வைத்தீர்கள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னீர்கள்: “அதுல செவப்பா ஒரு லைட்டு எரியுது லா. தண்ணிய நிப்பாட்டிப் பாத்தேன், அணையல. பெரிய குமிழத் திருகிப் பாத்தேன், அணையல. பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு. அத அமுக்குனா பொசுக்குனு அணைஞ்சிடுது.”

“தெனமும் அமுக்குறீங்களா?”

“பின்ன? கங்க அப்படியே விட்டுட்டு யாராச்சும் வெளிய வருவாங்களா?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் முன்பு வாழ்ந்த ரப்பர் தோட்டத்து லைன் வீடுகளைப் பற்றிச் செலின் எனக்குச் சொல்லியிருக்கிறாள். பால் மரம் வெட்டிவிட்டு வந்து, வீட்டின் பின்புறம் இரும்புப் பீப்பாயில் ரப்பர் விறகு வைத்து வெந்நீர் காய்ச்சிக் குளிப்பீர்களாம். குளித்து முடித்ததும் மிச்சத் தண்ணீரை ஊற்றிக் கங்கை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டுமாம். பலகை வீடுகள்; ஒன்றில் பற்றினால் வரிசை முழுதும் போய்விடும். என் வீட்டுச் சுவரில் எரிந்த சிவப்பு விளக்கும் உங்களுக்கு அந்தக் கங்குதான். நான் மாதம் ஒரு முறை செய்த சோதனையை நீங்கள் நாள்தோறும் செய்திருக்கிறீர்கள். கருவியும் ஒவ்வொரு நாளும் தவறாமல் தேறியிருக்கிறது. கசிவு இல்லை, கோளாறு இல்லை, ஆபத்தும் இல்லை. உங்கள் முன்னால் சத்தமாகச் சிரித்தறியாத நான் அன்று அடக்க முடியாமல் சிரித்தேன்.

அப்போது நீங்கள் செலினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே கேட்டீர்கள்: “அப்ப என் கையில கெட்டது ஒண்ணுமில்லயா, மாப்ள?”

“ஒண்ணுமில்ல அத்தை. இந்த வீட்டுல எங்க எல்லாரையும் விட நீங்கதான் பத்திரமாக் குளிச்சிருக்கீங்க.”

உங்கள் மகன் வந்து சேர்ந்தபோது பை அறைக்குள் போயிருந்தது. வரச் சொல்லிவிட்டு இப்போது வரமாட்டேன் என்றால் எப்படி என்று அவர் முறைத்தார். கதையைக் கேட்டதும் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். “வந்தது வந்துட்ட, சாப்டுட்டுப் போ லா தம்பி” என்று அவர் தட்டில் இன்னொரு கோழித்துண்டை வைத்தீர்கள்.

சரியான முறையை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். கையேட்டை எடுத்து மறுபடி படித்தேன். மாதம் ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்றிருந்தது. அதற்கு மேல் சோதிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. விதி இடம் கொடுத்ததால் உங்கள் வழக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் அணைத்துவிட்டு வந்து, கதவருகில் நின்று, “அணைச்சிட்டேன் மாப்ள” என்பீர்கள். “சரிங்க அத்தை” என்று போய் நான் மறுபடி இயக்கிவைப்பேன். முதலில் நமக்குள் அவ்வளவுதான் பேச்சு. பிறகு மழையைப் பற்றி ஒரு வார்த்தை, சாமியாரின் பிரசங்கம் நீண்டுபோனதைப் பற்றி ஒரு வார்த்தை என்று வளர்ந்தது. நான் காலையில் பசியாறாமல் அலுவலகம் புறப்பட்டால் நேரடியாகவே திட்டும் அளவுக்கு வந்துவிட்டீர்கள். செலினுக்கு டெலிபோன் வேலை போயிற்று; அதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

ஆண்டுகள் கழித்து நீங்கள் போனதும் அந்தக் கீழறையிலிருந்துதான். படியேற வேண்டியிருக்கவில்லை, எங்கும் விழவில்லை, மகளின் கை உங்கள் நெற்றியில் இருந்தது. உங்களை நினைக்கும்போது துக்கத்துக்கு முன்னால் எனக்கு வருவது ஒரு பெரிய நிம்மதி. அந்த ஞாயிறு உங்களை அந்தக் காரில் ஏறவிடவில்லை என்கிற நிம்மதி அது.

இன்று மாலை புதிய ஹீட்டரில் நான்தான் முதலில் குளித்தேன். வெளியே வந்து சுவிட்சை நிறுத்திவிட்டு, “அணைச்சிட்டேன்” என்று உரக்கச் சொன்னேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அதைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்த செலின் அடுப்பைத் தணித்தாள். பிறகு அவளும் உரக்கவே சொன்னாள்: “சரிங்க.”