துடைத்துவிட்ட துரு

ஏனுங்க, என் சாமி,

உங்கள் பட்டறை மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு நான் வேறு சொல்ல வேண்டுமா? ஆனால் பாதித் தப்பு உங்கள் பேரில்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.

போன வருடம் நம்முடையது துக்க வீடு, ஆயுத பூஜை போடவில்லை. இந்த வருடம் சிங்காநல்லூரில் பட்டறை பட்டறையாகக் கழுவிவிடுகிற சத்தம் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ட்ரில்லிங் மெஷினைத் துடைத்தேன், வைஸைத் துடைத்தேன், ஸ்பானர்களை வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியாக உங்கள் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன்.

ஒவ்வொரு பூஜைக்கும் அதை மட்டும் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். "அம்மணி, இதுக்குப் பொட்டு வேண்டாம்" என்பீர்கள். ஏன் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், அந்தக் காலத்துச் சண்டையில் ஜெர்மன்காரன் ஓட்டிய நீர்மூழ்கிக் கப்பலை, பிளாஸ்டிக் துண்டு துண்டாகப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பொம்மைக் கப்பலாக ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பொம்பளை கிட்டே வந்து பார்ப்பாள்? "தண்ணிக்கடியில ஒளிஞ்சிருந்து அடுத்தவன் கப்பலக் கவுக்கறது. இதப் போயி ஊட்டுல வெக்கோணுமாங்க?" என்று நானும் கேட்டேன். "கெட்டதையும் சரியாச் செஞ்சு வெக்கோணும் கண்ணு, அப்பத்தான் பாக்கறவனுக்கு உறைக்கும்" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

நீங்கள் கடைசியாகச் செய்த அந்த மூன்றடிக் கப்பல் சாம்பல் நிறத்தில் படுத்திருந்தது. இரண்டு பக்கமும் செம்பழுப்பாகக் கறை வழிந்திருந்தது. ஒரு வருட அழுக்கு என்று நினைத்துவிட்டேன். திறந்துகூடப் பார்க்காமல் இப்படி விட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது. ஈரத் துணியால், கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்தேன். பளிச்சென்று ஆயிற்று. மூக்கில் சந்தனம், நடுக் கோபுரத்தில் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் சேவியர் அண்ணன் போன் செய்தார். உங்களோடு சேர்ந்து இருபது வருடமாகக் கப்பல் ஒட்டியவர், உங்கள் சாவுக்கு வந்தபோதும் அலமாரிப் பக்கம் போக மனசில்லாமல் திரும்பியவர்.

"தங்கச்சி, நாளைக்குக் காத்தால வந்து கப்பல எடுத்துக்கறேன். ஞாயித்துக்கெழம பீளமேட்டு காலேஜுல கண்காட்சி. அந்தத் துருவுல மட்டும் கை வெச்சறாதீங்க. சாக்பீஸச் சொரண்டிப் பொடி பண்ணி மூணு மாசமா ஏத்தறதாப் போன்ல சொன்னான். மழ நிக்கட்டும், ஈரத்துல வார்னிஷ் அடிச்சா வெளுத்துப்போகும்னு வெச்சிருந்தான். ஊதுனாக்கூடப் போயிரும்."

"செரிங்ணா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

அட கடவுளே! இரும்பில் துரு ஏறினால் ஊரையே ஏசுகிற மனுஷன், பிளாஸ்டிக்கில் மெனக்கெட்டுத் துரு ஏற்றுவார் என்று யார் கண்டது? மேசை டிராயரில் உங்கள் பொடி டப்பாக்கள் இருந்தன. நானே பூசிவிடலாம் என்று பிரஷை எடுத்தேன். வெற்றிலை போட்டுத் துப்பின சுவராட்டம் ஆகிவிட்டது. அதையும் துடைத்துவிட்டு, சந்தனப் பொட்டையும் குங்குமத்தையும் எடுத்துவிட்டு, அலமாரியைச் சாத்தினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்துவிட்டார். காபியைக்கூடத் தொடவில்லை. கப்பலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸை வைத்து முன்னிருந்து பின்வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நான் கதவோரம் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"துரு எங்கீங்க தங்கச்சி?"

"துருவாங்ணா? அவரு அடிக்கவே இல்லீங்க. இப்படியேதான் வெச்சுட்டுப் போனாரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணன் லென்ஸை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"போறதுக்கு ஒரு வாரம் முன்னால எங்கிட்டப் பேசுனான். 'துரு முடிஞ்சுது சேவியர், இனி நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல'ன்னு சிரிச்சான். மருந்து மயக்கத்துல அடிச்சதா நெனச்சுட்டானாட்ட இருக்குது. பாவம், கடசீல நெனப்புத் தப்பிப்போச்சு."

ஏனுங்க, அந்த வார்த்தையை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கடைசி நாள்கூட மாத்திரையை எண்ணி வாங்கிப் போட்டவர் நீங்கள். உங்களுக்கா நினைப்புத் தப்பியது? என் வெட்கத்தை மறைக்க உங்களைப் பைத்தியக்காரனாக்கிவிட்டேனே! அவரும் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்வார். அப்புறம் திருத்த யார் இருக்கிறார்கள்?

"அண்ணா, அவரு பொய் சொல்லலீங்க. நெனப்பும் தப்பல. முடிச்சுத்தான் வெச்சிருந்தாரு. நாந்தானுங்ணா அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "முடிச்சுட்டானா?" என்று கேட்டார். "முடிச்சுட்டாருங்ணா" என்றேன். "அது போதுஞ் சாமி" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் காபியைக் குடித்தார். "ரெண்டு நாள் குடுங்க தங்கச்சி, அதே பொடியில நான் ஏத்திப்போடறேன். ஒருத்தருக்கும் வித்தியாசந் தெரியாது" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். "அப்பறம் அது உங்க துருவுங்ணா. சாம்பல் பெயிண்ட்டாவது அவரு அடிச்சது, அது அப்படியே இருக்கட்டும்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னையும் கண்காட்சிக்கு வரச் சொன்னார்.

ஞாயிறன்று நம் கல்யாண நாளுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். மற்ற கப்பல்கள் எல்லாம் துருவும் உப்புமாக நிஜம்போலவே இருந்தன. உங்களுடையது மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி நின்றது. பார்ப்பவர்கள் சும்மா போவார்களா?

"ஏனுங்க, இது கடலுக்கே போனதில்லையாட்ட இருக்குது? துரு ஒண்ணையுங் காணோமே?" என்று ஒருவர் கேட்டார். சேவியர் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன். "அடிச்சிருந்தாருங்க. மூணு மாசம் ஒக்காந்து அடிச்சாரு. ஆயுத பூசைக்கு நாந்தான் தொடச்சுப்போட்டேன்." அவர் சிரித்துவிட்டார். கூட வந்த அவர் சம்சாரம் சிரிக்கவில்லை, அவரைத் திரும்பி முறைத்தார். "எதெதத் தொடக்கூடாதுன்னு இப்பவே சொல்லிப்போடுங்க" என்றார்.

காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னேன். முதல் நாலைந்து பேரிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. பரிசு கிடைக்கவில்லை. கோபமா? இருந்தால் இருக்கட்டும், அதில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி யார் எப்போது கேட்டாலும், எனக்கு எத்தனை வெட்கமாக இருந்தாலும், துடைத்தது நான் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நீங்கள் முடித்துவிட்டுத்தான் போனீர்கள்.

உங்கள் பேச்சு பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளும்,
உங்கள் ஊட்டுக்காரி மரகதம்