இளைத்துக்கொண்டே போகிறேன்

4 பிப்ரவரி 2024

மகள் பிரீத்திகாவுக்கு வரன் கூடிவந்துவிட்டது. கோபிசெட்டிபாளையத்துக் குடும்பம். கல்யாணம் அடுத்த தையில். இன்று எடுத்த படங்களைக் கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்த என் வீட்டுக்காரர், "எல்லாப் படத்துலயும் பாதி எடத்தை நீயே அடைச்சுட்டு நிக்கறயே, வரலட்சுமி" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னாலேயே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

10 பிப்ரவரி

கருமத்தம்பட்டியிலிருந்து நாத்தனார் தேஜா வந்தாள். கையில் இரண்டு மாத்திரை டப்பா. "அண்ணீ, இது கொழுப்பைக் கரைக்கற கொழுப்புங்க. இன்னொண்ணு மீன் எண்ணெய், இதயத்துக்கு நல்லது. நான் சாப்புடறனில்லீங்க?" நம்பிக்கை இல்லை. விழுங்கினேன். ஏப்பம் விட்டால் மீன் வாடை.

3 மார்ச்

எடை அப்படியேதான். வயிறு மட்டும் கலங்குகிறது.

19 ஏப்ரல்

ஓட்டுப் போடும் வரிசையில் பக்கத்து வீதி சென்னியம்மாள் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். "ஏனுங் அம்மணி, பாதியாப் போயிட்டீங்களே! என்னதானுங்க சாப்புடறீங்க?" மாத்திரைப் பெயரைச் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை, முதுகு வலி விடவில்லை. "கொழுப்பு கரையறப்ப அப்படித்தானுங்க அண்ணி" என்கிறாள் தேஜா.

12 மே

மாத்திரை தீர்ந்து வாரக்கணக்காகிறது. புதிதாக வாங்கவில்லை. எடை இன்னும் இறங்குகிறது. ஏன்?

13 மே

யாரிடம் சொல்வது?

30 மே

ஸ்கேன் முடிவு வந்தது. கணையத்தில் கட்டி. கல்லீரலுக்கும் போயிருக்கிறது. மாத்திரையாலா என்று கேட்டேன். டாக்டர் ஃபஹீமா சின்னப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இல்லீங்கம்மா. மாத்திரை கட்டியையும் கொண்டு வரலீங்க, உங்களை இளைக்கவும் வெக்கலீங்க. இளைச்சது நோயாலதானுங்க."

எல்லாரும் மெச்சினாங்களே! உள்ளுக்குள்ள அது என்னைத் தின்னுட்டு இருந்தப்ப மெச்சினாங்களே— நானும் கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பி நின்னு பார்த்தனே...

2 ஜூன்

தேஜா போன் செய்தாள். அழுகை மட்டும் கேட்டது. அவளைத் திட்ட மனம் வரவில்லை. யாரைத்தான் திட்டுவது?

18 ஜூன்

முதல் கீமோ ஊசி. ஒரே வாந்தி.

25 ஜூன்

எடை ஏறினால்தான் அடுத்த ஊசியாம். வீட்டுக்காரர் நெய்ச்சோறு பிசைந்து வாயருகே நீட்டினார். "இன்னும் ஒரு வாய், கண்ணு." கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கண்ணு என்று அழைத்ததில்லை. விழுங்க முடியவில்லை.

14 ஜூலை

கோபியிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தை வரைக்கும் எதுக்குங்க? ஆவணி மொத முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாமுங்க." யாரும் காரணம் கேட்கவில்லை. பிரீத்திகா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அப்படியே பண்ணிரலாமுங்க" என்றேன்.