அண்ணாவின் பையில் அடி அறை

ஜனவரி, சனி இரவு

கனடாவில் உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போகும் அண்ணாவுக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் தையல் கடையில் நானே ஒரு முதுகுப்பை தைத்து அனுப்பியிருந்தேன். தூண்டிலுக்கும் பனியில் துளை போடும் கருவிக்கும் தனித்தனி அறைகள். கூடவே கொண்டுபோகும் இரண்டு கூர் ஆணிகளும் கையில் குத்திவிடும் என்று பயந்து, அவற்றுக்கு மட்டும் அடியில் ஸிப் வைத்த அறை.

பை எப்படி என்று கேட்க இன்று அண்ணியை அழைத்தேன். அங்கே அப்போது காலை.

"அந்த ஆணி கழுத்தில தொங்கவேணும் பிள்ளை. ஐஸ் உடைஞ்சு தண்ணிக்குள்ள விழுந்தால் அதைக் குத்தித்தான் மேல ஏறலாம். நான் சொன்னனான், கேக்கேல்லை. தங்கச்சி வைச்ச இடத்திலதான் வைப்பன் எண்டிட்டு விடியவே போயிட்டார்."

ஆறு தரம் அழைத்துவிட்டேன். அண்ணா எடுக்கவில்லை. கையுறையோடு ஃபோன் எடுக்க ஏலாது என்கிறார் அண்ணி.

அந்த ஸிப்பை மட்டும் எப்படித் திறப்பார்?