ஒரு வாய் தேநீர் நேரம்

அன்புள்ளவளுக்கு,

"இங்க எவ்வளவு நேரம் நிக்கணுங்க? புத்தகத்துல இல்லியே?" என்று மணமான புதிதில், ஒரு பாட்டின் நடுவே விரலை நிறுத்திக் கேட்டாய். நம் ஏழு நரம்பு யாழான குச்சினின் இசைநூல்கள் எந்த நரம்பு, எந்த விரல் என்று மட்டும்தான் சொல்லும். நேரத்தை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். வழி சொல்பவர் எங்கே இளைப்பாறுவது என்று சொல்வதில்லை அல்லவா, அதுபோல. ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் தேடி, ஒரு வாய் தேநீர் விழுங்கும் நேரம் என்று முடிவு செய்தோம்.

நேற்று சபையில் வாசித்தபோது நீ அந்த இடத்தில் நிற்கவேயில்லை. அது இப்போது உன்னோடு சேர்ந்து வாசிக்கும் ஷுவேயின் விதம்.

"வாத்தியாரே, உங்க வீட்டம்மா கையில ஷுவே உக்காந்துட்டாரே!" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஷுவே நன்றாகத்தான் வாசிக்கிறார், விரல்களும் நீளம். நாளை நீ அவரோடு யாங்சோ நகரத்துக் கச்சேரிக்குப் புறப்படுமுன் மேசையில் தேநீர் இருக்கும். ஒரு வாய் விழுங்கிவிட்டு, அந்த இடத்தை ஒருமுறை வாசித்துப் பார்.

அடுத்த அறையில் இருக்கும்
உன் கணவன்